பேன் மருந்தும் எண்ணெய்த் தலையும்

போன ஜூன் மாதம், பள்ளி திறந்த மூன்றாவது வாரம், என் சின்ன மகளின் டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதி வந்தது. "தலையில் பேன் உள்ளது. சுத்தம் செய்து அனுப்பவும்." இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், எடை 19 கிலோ, முதுகு வரை அடர்த்தியான முடி. பேன் இருப்பது எனக்குத் தெரியும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் நான்கைந்து பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்துப் புரண்டு வந்ததிலிருந்தே சொறிந்துகொண்டுதான் இருந்தாள், இந்த வாரம் பார்க்கலாம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ஆனால் அந்தச் "சுத்தம் செய்து" என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு முகமெல்லாம் சுட்டது. டீச்சர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருப்பாரோ, பிள்ளையைத் தனியாக உட்காரவைத்திருப்பாரோ, மற்ற அம்மாக்கள் என்ன நினைப்பார்கள் என்று ராத்திரி முழுக்கத் தூக்கமே வரவில்லை. திங்கட்கிழமைக்குள் ஒரு பேன்கூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த அவசரத்தில் நடந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மருந்துக் கடைக்குப் போய் "பேனுக்கு ஏதாவது நல்ல மருந்தா குடுங்க" என்றேன். குழந்தைக்கா பெரியவர்களுக்கா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்து, "அக்கா, இதைப் போட்டுத் தூங்க வெச்சிருங்க, காலையில தலைக்குக் குளிச்சா எல்லாம் போயிரும்" என்றார். வீட்டுக்கு வந்து, முடி சிடுக்காக இருந்ததால் முதலில் தேங்காய் எண்ணெயை நன்றாக வைத்து வாரினேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அவள் சொறிந்து சொறிந்து தோல் உரிந்து, இரண்டு மூன்று இடத்தில் புண்ணாகவே இருந்தது. அதன் மேலேயேதான் மருந்தைத் தேய்த்தேன். "எரியுதும்மா" என்றாள். "கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ சாமி" என்று சொல்லி, பாதி பாட்டிலுக்கு மேல் காலி செய்து, தலையில் துண்டைக் கட்டிப் படுக்கவைத்துவிட்டேன்.

காலையில் ஆறு மணிக்கு வாந்தி எடுத்தாள். கண் இரண்டும் சிவந்து, பிடரியிலிருந்து தோள் வரை தோல் தடித்துப் போயிருந்தது. "எல்லாம் சுத்துதும்மா" என்று சொல்லி என் கழுத்தைக் கட்டிக்கொண்டபோது அவள் கை விரல்கள் லேசாக நடுங்கியதை என் தோளில் உணர்ந்தேன். இப்போது இதை எழுதும்போதும் அந்த நடுக்கம் என் தோளில் இருக்கிறது.

நல்ல வேளையாக அத்தை, "அந்தப் பாட்டிலையும் எடுத்துக்க கண்ணு" என்று பையில் போட்டுவிட்டார். டாக்டர் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் பாட்டிலைத்தான் வாங்கிப் படித்தார்.

"எவ்வளவு நேரம் தலையில இருந்துச்சு?"

"ராத்திரி முழுக்க டாக்டர்."

"எண்ணெய்த் தலையிலயா போட்டீங்க?"

"ஆமாங்க."

அவர் திட்டவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு, கையுறை போட்டுக்கொண்டு தலையைச் சாதாரண ஷாம்பூவால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு முறை கழுவச் சொன்னார். அப்புறம் சாயங்காலம் வரை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். வலிப்பு வருகிறதா என்றுதான் பார்க்கிறோம் என்று அவர் சொன்னபோது எனக்குக் காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி இருந்தது. வலிப்பு வரவில்லை. ஐந்து மணிக்கு அவள் இட்லி கேட்டாள். வீட்டுக்கு வந்தோம்.

அன்று ராத்திரி என் மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஈரோடு பக்கம் 40 வருஷம் விவசாயம் பார்த்தவர். "ஏனம்மிணி, இதுல பென்சீன் ஹெக்ஸாகுளோரைடுன்னு போட்டிருக்குது. நாம நெல்லுக்குப் போட்ட பி.எச்.சி. பவுடர் இதுதானே?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

மாமா சொன்னது சரிதான். வயலுக்குப் போட்ட பி.எச்.சி. என்பது ஒரே வாய்பாடு கொண்ட பல வடிவங்களின் கலவை, அதில் பூச்சியைக் கொல்லும் வீரியம் அதிகம் உள்ளது காமா என்ற வடிவம். அதை மட்டும் தனியாகப் பிரித்துச் சுத்தம் செய்தால் லிண்டேன். பேன் மருந்து பாட்டிலில் "காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு 1 சதவீதம்" என்று போட்டிருப்பது அதைத்தான். பி.எச்.சி. பவுடரை இந்தியாவில் 1997ல் தடை செய்தார்கள். லிண்டேனைப் பூச்சிமருந்தாகத் தயாரிப்பதற்கு 2011 மார்ச்சிலும், பயன்படுத்துவதற்கு 2013 மார்ச்சிலும் தடை வந்தது. அதாவது நெல்லுக்கும் கரையானுக்கும் ஆகாது என்று நிறுத்திவிட்ட ஒன்றை, நான் என் பிள்ளையின் புண்ணான தலையில் தேய்த்துத் துண்டு கட்டியிருக்கிறேன். பாட்டிலில் பெயர் தெளிவாகத்தான் இருந்தது. எனக்கு அந்தப் பெயர் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டபோதுதான் அந்த நடுக்கத்தின் அர்த்தம் விளங்கியது. நம் மூளையில் நரம்புகளின் துடிப்பை அடக்கிவைக்க பிரேக் மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறது, காபா என்ற பொருளை வைத்து நடப்பது. லிண்டேன் அந்த பிரேக்கைப் பிடிக்கவிடாமல் செய்துவிடுகிறது. பேனின் நரம்புகள் அடங்காமல் துடித்து அது சாவது இதனால்தான். உடம்புக்குள் போகும் அளவு கூடினால் குழந்தைக்கும் அதே இடத்தில்தான் அடி விழும்: தலைசுற்றல், வாந்தி, நடுக்கம், வலிப்பு. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2003ல் இந்த மருந்தின் மேல் தன்னிடம் உள்ளதிலேயே கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. கைக்குழந்தைகள், சிறுபிள்ளைகள், வயதானவர்கள், 50 கிலோவுக்குக் குறைவான எடை உள்ளவர்கள் எல்லோரும் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும் என்றது. என் மகள் 19 கிலோ. அங்கே இதை ஷாம்பூவாகப் போடும்போது காய்ந்த முடியில் போட்டு 4 நிமிடத்தில் கழுவிவிட வேண்டும் என்பது வழிமுறை. நான் விட்டது ஒன்பது மணி நேரம்.

அப்புறம் எண்ணெய். இது நம் வீடுகளுக்கு மிக முக்கியமானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லிண்டேன் கொழுப்பில் கரைவது. தோலில் எண்ணெயோ கிரீமோ இருந்தால் அது இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும் என்று மருந்தின் குறிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள். நம் ஊரில் பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு எண்ணெய் வைக்காத நாள் உண்டா? தலையில் எண்ணெய், அதன் மேல் மருந்து, மேலே துண்டு கட்டிச் சூடு, கீழே சொறிந்த புண். மருந்து உள்ளே போவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் ஒன்று விடாமல் நானே செய்துகொடுத்திருக்கிறேன். அது போதாதென்று, எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்குத் தோலின் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதே அரை பாட்டிலை என் தலையில் ஊற்றினால் எனக்கு ஆவது வேறு, அவளுக்கு ஆவது வேறு.

2009ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், உலகம் முழுக்க ஒழிக்க வேண்டிய ரசாயனங்கள் பட்டியலில் லிண்டேனைச் சேர்த்தார்கள், பேனுக்கும் சொறிசிரங்குக்கும் மட்டும் இரண்டாம்பட்ச மருந்தாகச் சில காலம் விலக்கு கொடுத்து. 2015ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. இதைப் படித்துவிட்டு யாரும் அலற வேண்டாம், அந்த ஆதாரம் பெரும்பாலும் வருஷக்கணக்கில் இதைக் கையாண்ட விவசாயிகளிடமிருந்து வந்தது, ஒரு முறை தலையில் போட்ட பிள்ளைக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. குழந்தைக்கு உடனடி ஆபத்து நரம்பு வழியாகத்தான். நான் பயப்படச் சொல்வதும் அதற்குத்தான்.

எல்லாப் பேன் மருந்தும் இப்படியா என்றால் இல்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டாக்டர்கள் இப்போது அதிகம் எழுதுவது பெர்மெத்ரின் 1 சதவீதம். சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைப் பார்த்துச் செயற்கையாகச் செய்தது. தோல் வழியாக உள்ளே போவது 2 சதவீதத்துக்கும் குறைவு, போனதையும் நம் உடம்பு சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். இரண்டு மாதம் நிரம்பிய குழந்தையிலிருந்து போடலாம். ஆனால் இதிலும் நாம் தவறு செய்யும் இடங்கள் இருக்கின்றன. சிரங்குக்குக் கொடுக்கும் 5 சதவீதக் கிரீம் ஒன்று உண்டு, அதை உடம்பில் பூசி ராத்திரி முழுக்க விடச் சொல்வார்கள், வீட்டில் அது மீதி இருந்தால் "அதே மருந்துதானே" என்று தலைக்கும் தேய்த்துவிடுகிறோம். தலைக்கு 1 சதவீதம், 10 நிமிடம், கழுவிவிட வேண்டும், அவ்வளவுதான். கழுவும்போதும் பிள்ளையை ஷவருக்குக் கீழே நிறுத்தாமல், தொட்டியில் குனியவைத்து, கண்ணைத் துணியால் மூடச் சொல்லி, வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும். தலையில் ஊற்றியது முதுகு வயிறெல்லாம் வழிந்தால் அங்கேயும் தோல் குடிக்கும். சூடு அதிகமானால் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி இன்னும் உள்ளே போகும். ஆஸ்துமாவோ பூ மகரந்த அலர்ஜியோ உள்ள பிள்ளை என்றால் முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள், பெர்மெத்ரின் பூனைக்குக் கடும் விஷம்.

இன்னொரு சிக்கல், பல நாடுகளில் பேன்கள் இந்த மருந்துக்குப் பழகிவிட்டன. போட்டும் சாகவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? இன்னொரு முறை, அடுத்த நாளே இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் அதிகமாக. பெர்மெத்ரின் ஈரைச் சரியாகக் கொல்லாது, அதனால் 9 நாள் கழித்து இரண்டாவது முறை போடுவது உண்டு, அது கணக்கோடு செய்வது. அடுத்தடுத்த நாள் போடுவதில் பேனுக்கு ஒன்றும் ஆகாது, குழந்தையின் தோலுக்குத்தான் ஆகும். அதே போல முடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொட்டெல்லாம் உயிருள்ள ஈர் இல்லை. தலையோட்டுத் தோலிலிருந்து ஒரு விரற்கடைக்கு மேல் தள்ளி ஒட்டியிருப்பது பெரும்பாலும் பொரித்துப் போன வெற்றுக் கூடு. அதைப் பார்த்து "இன்னும் போகல" என்று மறுபடி மருந்து போட்ட அம்மாக்களை எனக்குத் தெரியும்.

சரி, கெமிக்கலே வேண்டாம், நம் பாட்டி வைத்தியம் போதும் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் என் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் பொடித்துப் போட்டுத் தேய் என்றார் ஒருவர். சூடம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வாயில் போனால் கேட்கவே வேண்டாம், சிறு பிள்ளைக்கு ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்தாகலாம், சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துப் பூசு என்றார் இன்னொருவர். அந்த அரைப்பு ஒரு துளி கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோல் உரிந்து, கண்ணைத் திறக்க முடியாத வலியோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்தியாவில் கண் டாக்டர்கள் இப்படி வந்தவர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். தலையில் பூசிக் குளிக்கவைக்கும்போது அது கண்ணில் வழியாமல் இருக்குமா? மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும், அதன் புகை மூச்சில் போனாலே ஆபத்து, அதுவும் தலைக்குக் குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டும் வீட்டில் நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. எறும்புச் சாக்பீஸைத் தலையில் தேய்ப்பது, வயலுக்கு அடிக்கும் மருந்தில் இரண்டு சொட்டுத் தண்ணீரில் கலப்பது, இதெல்லாம் கிராமத்தில் இன்றும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். செடியிலிருந்து வந்தால் விஷம் இல்லை என்று எந்தச் செடியும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

டாக்டர் அடுத்த வாரம் மறுபடி பார்த்தபோது எனக்குச் சொன்ன ஒன்றுதான் என் மனதை ஆற்றியது. தலைப்பேன் எந்த நோயையும் பரப்பாது. உடம்புப் பேன் வேறு, அது காய்ச்சல் பரப்பும், தலைப்பேன் அப்படி இல்லை. அரிப்பும் சொறிந்த புண்ணும்தான் அதன் தொல்லை. அழுக்குத் தலையைத் தேடியும் வராது, தலையோடு தலை படும் இடத்தில் நடந்து ஏறும், அவ்வளவுதான், குதிக்காது, பறக்காது. ஒரு தாய்ப்பேன் நாளைக்கு எட்டு ஈர் வரை வைக்கும், ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள், குஞ்சு வளர்ந்து மறுபடி ஈர் வைக்க இன்னும் ஒன்பது பத்து நாள். தலையை விட்டுக் கீழே விழுந்தால் இரண்டு நாளில் செத்துவிடும், மெத்தைக்கும் சோபாவுக்கும் மருந்தடிக்க ஒரு அவசியமும் இல்லை. "உங்களுக்கு நேரம் இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள முடிக்கணும்னு ஒண்ணும் இல்ல" என்றார். அந்த நேரம் இருக்கிறது என்று யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் அந்தக் கடைக்கே போயிருக்க மாட்டேன்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். முடியைக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனரை நிறையப் பூசி, முதலில் சாதாரணச் சீப்பால் சிடுக்கு எடுத்துவிட்டு, அப்புறம் பல் நெருக்கமான இரும்புப் பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை, சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து வாருவது. ஈரத் தலையில், கண்டிஷனர் வழுவழுப்பில், பேனால் வேகமாக ஓட முடியாது. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைக்க வேண்டும். வெள்ளைத் துணி முக்கியம், எள்ளு மாதிரி அது நகர்வது அதில்தான் தெரியும். முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆனது. பெரியவள் துணியைப் பார்த்து எண்ணினாள், 31. மூன்று நாள் கழித்து 12. அடுத்த முறை எல்லாம் குஞ்சுகள், 5. அப்புறம் 6, அன்று நான் சோர்ந்துவிட்டேன், ஆனால் அவை அதற்குள் பொரித்தவை, இன்னும் ஈர் வைக்கும் வயதுக்கு வராதவை. பிறகு 1. அப்புறம் இரண்டு முறை ஒன்றுமே இல்லை. ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. வீட்டில் எல்லோர் தலையையும் பார்த்தோம், பெரியவளுக்கும் எனக்கும்கூட இருந்தது.

இதற்கு நேரம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள், வேலைக்குப் போய் ஏழு மணிக்கு வீடு திரும்பும் அம்மாவிடம் போய் மூன்று நாளைக்கு ஒரு முறை முக்கால் மணி நேரம் வாரு என்று நான் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அப்படி இருந்தால் டாக்டரிடம் போங்கள். டைமெத்திகோன் என்று சிலிக்கான் எண்ணெய் வகை ஒன்று இருக்கிறது, நரம்பைத் தாக்காமல் பேனைப் பூசி மூடி அடைத்துக் கொல்வது, தோல் வழியாக உள்ளே போவதில்லை. அதைப் பற்றிக் கேளுங்கள், தீப்பிடிக்கக்கூடிய வகையும் உண்டு என்பதால் விளக்குப் பக்கம் மட்டும் போகாதீர்கள். பேனுக்கு விழுங்கக் கொடுக்கும் ஐவர்மெக்டின் மாத்திரையைப் பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுத்தார்கள் என்று நீங்களும் கொடுக்க வேண்டாம், 15 கிலோவுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அது கொடுப்பதில்லை.

மீதி மருந்து இருந்த அந்தப் பாட்டிலை என்ன செய்வது என்று ரொம்ப நாள் தெரியவில்லை. முதலில் சாக்கடையில் ஊற்றத்தான் போனேன். கலிபோர்னியாவில் 2002லேயே லிண்டேன் பேன் மருந்தைத் தடை செய்ததற்குப் பெரிய காரணமே, தலையைக் கழுவிய தண்ணீர் சாக்கடை வழியாகப் போய் நீரைக் கெடுத்ததுதான் என்று படித்ததால் நின்றேன். எங்கள் தெருச் சாக்கடை போய்ச் சேருவது காலிங்கராயன் பாசன வாய்க்காலில். மூடியை இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இனிமே வயசு கேட்டுட்டுத்தான் குடுப்பேன் அக்கா" என்றார்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பாட்டில் இருக்கலாம். இன்றைக்கே எடுத்துச் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு என்றோ லிண்டேன் என்றோ இருந்தால் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். ஏற்கெனவே ஏதாவது பேன் மருந்து போட்டு, பிள்ளை வாந்தி எடுத்தாலோ, நடுங்கினாலோ, எழுப்பினால் சரியாக எழவில்லை என்றாலோ, தலையை வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கழுவிவிட்டுக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிப்பு வந்தால் எதற்காகவும் நிற்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலை மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். அன்று காலையில் அத்தை அதைப் பையில் போட்டிருக்காவிட்டால், என்ன மருந்து போட்டேன் என்று டாக்டரிடம் சொல்ல என்னிடம் பதில் இருந்திருக்காது.